சால்மன் பருவமும் குடும்ப மீன்பிடிப் பயணமும்: பணம் கட்டும் முன் அறிய வேண்டியவை

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் கட்டணப் படகில் ஏறி, கோல்டன் கேட் பாலத்திற்கு அப்பாலுள்ள திறந்த கடலில் சால்மன் மீன் பிடித்து வருவது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பழமையான பொழுதுபோக்குகளுள் ஒன்றாகும். சான் பிரான்சிஸ்கோவின் மீனவர் துறை, பெர்க்லி, எமரிவில், சாசலிட்டோ, ஹாஃப் மூன் பே, பொடேகா பே ஆகிய இடங்களிலிருந்து இத்தகைய படகுகள் விடியற்காலையில் புறப்படுவது வழக்கம். எனினும் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கலிபோர்னியக் கடலில் சால்மன் பிடிக்க வணிக மீனவருக்கும் அனுமதி இல்லை. பொழுதுபோக்காகப் பிடிப்போருக்கும் அனுமதி இல்லை.

2025-ஆம் ஆண்டில் வணிக மீன்பிடிப்புக்குத் தொடர்ந்து மூன்றாம் முறையாகத் தடை விதிக்கப்பட்டது. பொழுதுபோக்கு மீன்பிடிப்பு மட்டும் சில நாட்களுக்குத் திறக்கப்பட்டது. ஜூன் 7, 8 ஆகியவை அவற்றுள் முதல் இரு நாட்கள். கோடைக்காலம் முழுமைக்கும் வகுக்கப்பட்டிருந்த 7,000 மீன்கள் என்னும் வரம்பு அந்த இரு நாட்களிலேயே கடந்துவிட்டதால், கோடையில் திட்டமிட்டிருந்த எஞ்சிய நாட்கள் திறக்கப்படவில்லை. இலையுதிர் காலத்திற்கெனத் தனியாக ஒதுக்கப்பட்ட சில நாட்கள் மட்டுமே எஞ்சின.

ஆகவே, சால்மன் பயணத்திற்குத் திட்டமிடும் குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்தப் படகு சிறந்தது என்பதன்று. இவ்வாண்டு பருவம் திறந்திருக்கிறதா, எந்த நாட்களில், எந்தக் கடற்பகுதியில் என்பதே ஆகும்.

பருவத்தை முடிவு செய்வது யார்?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உண்டு என்பதைத் தமிழர் பலரும் அறிவர். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய இடம் கொடுப்பதே இரு நாடுகளிலும் நோக்கம். ஆனால் தமிழ்நாட்டின் தடைக்காலம் நாள்காட்டியில் முன்னரே குறிக்கப்பட்டது. கலிபோர்னியாவின் சால்மன் பருவம் அவ்வாறன்று. ஆற்றுக்குத் திரும்பிய மீன்களின் எண்ணிக்கையையும் கடலில் எஞ்சியிருக்கும் மீன்களின் மதிப்பீட்டையும் கொண்டு அது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வகுக்கப்படுகிறது.

பசிபிக் மீன்வள மேலாண்மைக் குழு என்னும் கூட்டாட்சி அமைப்பு மார்ச், ஏப்ரல் மாதங்களில் கூடி அவ்வாண்டின் பருவத்தைப் பரிந்துரைக்கிறது. கரையிலிருந்து மூன்று மைல் வரையுள்ள மாநிலக் கடற்பகுதிக்குரிய விதிகளைக் கலிபோர்னிய மீன் மற்றும் வேட்டை ஆணையம் இயற்றுகிறது. இரண்டின் முடிவுகளையும் கலிபோர்னிய மீன் மற்றும் வனவிலங்குத் துறை பொதுமக்களுக்கு அறிவிக்கிறது. ஏப்ரல் மாத முடிவுக்கு முன் கோடைப் பயணத்திற்கு முன்பணம் கட்டுவோர், பருவம் திறக்கப்படாவிட்டாலோ இடையில் மூடப்பட்டாலோ பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்வது நலம். சில படகுகள் பணத்தைத் திருப்பித் தராமல், பாறை மீன் அல்லது நண்டுப் பயணமாக மாற்றித் தர முன்வரலாம். அது குடும்பத்திற்கு ஏற்புடையதா என்பதையும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும்.

ஈராண்டுக்கு முந்தைய மழை

வளைகுடாவிற்கு வெளியே பிடிபடும் சால்மன்களில் பெரும்பகுதி சாக்ரமெண்டோ ஆற்றையும் அதன் துணையாறுகளையும் சேர்ந்த சினூக் இனமாகும். இம்மீன் இலையுதிர் காலத்தில் ஆற்றின் கூழாங்கற்களுக்கு இடையே முட்டையிட்டு, அத்துடன் இறந்துவிடும். குளிர்காலத்தில் பொரியும் குஞ்சுகள் அடுத்த வசந்தத்தில் ஆற்றோட்டத்துடன் வளைகுடாவைக் கடந்து கடலை அடைகின்றன. கடலில் வளர்ந்து, பெரும்பாலும் மூன்றாம் வயதில் தாம் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும் முன், அக்கோடையில் கடலில் திரியும் மீன்களே தூண்டிலில் சிக்குகின்றன.

இவ்வாழ்க்கைச் சுழற்சியை அறிந்தால் பருவத்தின் ஏற்றத்தாழ்வும் விளங்கும். சால்மன் முட்டைகளுக்குக் குளிர்ந்த நீர் தேவை. ஆற்றுநீரின் வெப்பம் ஏறத்தாழ 13 பாகை செல்சியசைத் தாண்டினால் முட்டைகள் அழியத் தொடங்கும். குஞ்சுகள் கடலுக்குச் செல்ல வலுவான நீரோட்டமும் தேவை. 2020 முதல் 2022 வரை கலிபோர்னியாவில் கடும் வறட்சி நிலவியது. 2021 வசந்தத்தில் வற்றிய ஆற்றின் வழியே கடலுக்குச் சென்ற குஞ்சுகளே 2023 கோடையில் வளர்ந்த மீன்களாக இருந்திருக்க வேண்டும். 2022-இல் சென்றவை 2024-க்கு உரியவை. அவ்விரண்டு ஆண்டுகளிலும் கடல் மூடப்பட்டது. 2022–23 குளிர்காலத்தில் பெருமழை பெய்தது. அந்நீரில் கடலுக்குச் சென்ற தலைமுறையே 2025-இல் சில நாட்களேனும் பருவம் திறக்கத் துணை நின்றது. இவ்வாண்டு பெய்யும் மழையின் பயன் ஈராண்டு கழித்தே தூண்டிலுக்கு வந்து சேர்கிறது.

எண்களும் இதையே காட்டுகின்றன. சாக்ரமெண்டோ ஆற்றுக்கு இலையுதிர் காலத்தில் ஆண்டுதோறும் 1,22,000 முதல் 1,80,000 வரை வளர்ந்த சினூக் மீன்கள் திரும்ப வேண்டும் என்பது பாதுகாப்பு இலக்கு. 2022-இல் திரும்பியவை ஏறத்தாழ 62,000 மட்டுமே. அஃதாவது கீழ் இலக்கில் பாதி. இதற்கு முன் 2008-ஆம் ஆண்டிலும் இத்தகைய வீழ்ச்சியால் கலிபோர்னியக் கடலில் சால்மன் பிடிப்பு நிறுத்தப்பட்டிருந்தது.

வறட்சி மட்டுமே காரணம் அன்று. 1945-இல் கட்டி முடிக்கப்பட்ட சாஸ்தா அணை, மீன்கள் முட்டையிட்டு வந்த மலைப்பகுதிக் குளிர்நீர் ஓடைகளுக்குச் செல்லும் வழியை அடைத்தது. சாக்ரமெண்டோ ஆற்றின் குளிர்காலச் சினூக் இன்று அழியும் நிலையிலுள்ள இனமாகவும், வசந்தகாலச் சினூக் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகவும் கூட்டாட்சிச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. இவை கடலில் ஏனைய சினூக் மீன்களுடன் கலந்தே திரிகின்றன. தூண்டில் அவற்றைப் பிரித்தறியாது. மீன் மிகுந்திருப்பது போல் தோன்றும் ஆண்டிலும் நாட்களையும் எல்லைகளையும் குறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரிமமும் வரம்பும்

கலிபோர்னியாவில் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் மீன்பிடி உரிமம் பெற்றிருக்க வேண்டும். கட்டணப் படகில் செல்வோருக்கும் இவ்விதி பொருந்தும். படகின் உரிமம் பயணியின் உரிமத்திற்கு ஈடாகாது. ஒருநாள், இருநாள், பத்துநாள் உரிமங்களும், வாங்கிய நாளிலிருந்து 365 நாட்கள் செல்லும் உரிமமும் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருக்கும் தாத்தா, பாட்டி தூண்டிலைக் கையில் பிடிக்க விரும்பினால் அவர்களுக்கும் உரிமம் வேண்டும். படகில் அமர்ந்து பார்ப்பதற்கு மட்டும் தேவையில்லை. ஆண்டில் இரண்டு நாட்களை உரிமமின்றி மீன்பிடிக்கலாம் என மாநில அரசு அறிவிக்கிறது. கடலோரத்திலும் வளைகுடாவிலும் உள்ள பொது மீன்பிடித் தளங்களில் எந்நாளும் உரிமம் தேவையில்லை. ஆயினும் அளவு, எண்ணிக்கை, பருவம் பற்றிய விதிகள் அங்கும் அந்த இலவச நாட்களிலும் நீங்குவதில்லை.

பருவம் திறந்திருக்கும் நாட்களில் ஒருவர் ஒரு நாளில் இரண்டு சால்மன் வரை பிடிக்கலாம் என்பது வழக்கமான வரம்பு. மீனின் குறைந்தபட்ச நீளம் கடற்பகுதிக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறுவதால், படகில் ஏறும் முன் அன்றைய அளவைக் கேட்டறிய வேண்டும். கோஹோ இனச் சால்மனைப் பிடிக்கவே கூடாது. வாயைத் திறந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்: சினூக்கின் ஈறு கறுத்திருக்கும், கோஹோவின் பல்வரிசையை ஒட்டிய ஈறு வெளுத்திருக்கும். சினூக்கின் வாலில் மேலும் கீழும் புள்ளிகள் உண்டு. கோஹோவுக்கு மேற்பாதியில் மட்டுமே இருக்கும். கோஹோ எனத் தெரிந்தால் அதைப் படகுக்குள் ஏற்றாமல் நீரிலேயே விடுவிக்க வேண்டும். இதற்காகவே, நுனியில் பின்னோக்கிய சிறு முள் இல்லாத, எளிதில் கழன்றுவரும் தூண்டில் முள்ளை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

மீனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் எலும்பில்லாத ஒரு சிறு துடுப்பு இருக்கும். அது வெட்டப்பட்டிருந்தால் அம்மீன் பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்டது என்று பொருள். இலையுதிர் காலச் சினூக் குஞ்சுகளில் நான்கில் ஒரு பங்குக்கு இத்துடுப்பை நீக்கி, மூக்கருகே மிக நுண்ணிய உலோகக் கம்பி ஒன்றைப் பொருத்திவிடுகின்றனர். அக்கம்பியில் மீன் பிறந்த இடமும் ஆண்டும் குறியீடாகப் பதிக்கப்பட்டுள்ளன. எனவே துடுப்பு வெட்டப்பட்ட மீனின் தலையைக் கடலிலேயே அறுத்தெறியக் கூடாது. துறைமுகத்தில் துறைப் பணியாளர் கேட்டால் தலையைக் கொடுத்துவிட வேண்டும். மீன்குழம்புக்குத் தலை வேண்டும் என எண்ணும் குடும்பத்திற்கு இது சிறு இழப்பே. அடுத்த ஆண்டின் பருவத்தை வகுக்கும் கணக்கில் அத்தலையும் ஒன்று.

படகைத் தேர்ந்தெடுத்தல்

ஆறு பேருக்கு மேற்பட்ட கட்டணப் பயணிகளை ஏற்றும் படகு, அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஆய்வுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ஆறு பேர் வரை ஏற்றும் சிறு படகுக்கு அச்சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அதன் தலைவர் கடலோரக் காவல் படையின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அறிமுகமானவர் ஒருவர் தம் சொந்தப் படகில் குறைந்த கட்டணத்திற்கு அழைத்துச் செல்வதாகக் கூறினால், இவ்வுரிமம் உண்டா எனக் கேட்கத் தயங்கலாகாது. உரிமமும் ஆய்வும் இல்லாத படகில் விபத்து நேர்ந்தால் துன்பம் இரட்டிப்பாகும்.

கோல்டன் கேட்டுக்கு வெளியே உள்ள மணல்திட்டுப் பகுதியில் அலைகள் திடீரென உயர்வதுண்டு. பிற்பகலில் காற்று வலுக்கும். கோடையிலும் கடல்நீர் கடுங்குளிராகவே இருக்கும். விழுந்தவரின் கைகால்கள் சில நிமிடங்களில் வலுவிழக்கும். பொழுதுபோக்குப் படகுகளில் 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கட்டணப் படகிலும் குழந்தையின் எடைக்கு ஏற்ற அங்கி உள்ளதா என முன்பதிவின்போதே கேட்டு, புறப்படும் முன் அணிவித்துப் பார்ப்பது பெற்றோரின் கடமை. பெரியவர்களுக்கான அங்கி குழந்தையின் தலைவழியே கழன்றுவிடும்.

சால்மன் பயணம் பெரும்பாலும் நாள் முழுவதும் நீடிக்கும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அது பொருந்தாது. முதன்முறை செல்லும் குடும்பம், சில மணி நேரமே நீடிக்கும் வளைகுடாவிற்கு உட்பட்ட பயணத்தில் தொடங்கலாம். கடல் குமட்டலுக்கான மாத்திரை, குமட்டல் தொடங்கிய பின் உட்கொண்டால் பயன் தராது. புறப்படுவதற்கு முன்பே உட்கொள்ள வேண்டும். குழந்தைகள், கருவுற்றோர், நாட்பட்ட நோய்க்கு மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும். அடுக்கடுக்கான உடைகள், வழுக்காத காலணி, எண்ணெய் குறைந்த உணவு, மீனுக்கான பனிக்கட்டிப் பெட்டி ஆகியவை உடன் இருக்க வேண்டும். தூண்டில்கோல் வாடகையும் மீனைத் துப்புரவு செய்யும் கூலியும் பயணக் கட்டணத்தில் அடங்குமா என்பது படகுக்குப் படகு வேறுபடும். படகுப் பணியாளருக்கு அன்பளிப்பு வழங்குவது இங்குள்ள வழக்கம்.

கடல் மூடியிருந்தால் ஏரி

சால்மனுக்கு நெருங்கிய உறவான டிரவுட் மீனைத் தேடுவோர் கடலுக்குச் செல்ல வேண்டியதில்லை, செல்லவும் கூடாது. ரெயின்போ டிரவுட் எனப்படும் இனத்தில் ஒரு பகுதி ஆற்றிலேயே தங்கும். மற்றொரு பகுதி கடலுக்குச் சென்று திரும்பும். கடல்செல்லும் மீனை ஸ்டீல்ஹெட் என்பர். கலிபோர்னியக் கடலில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதற்குத் தடை உள்ளது. வளைகுடாவில் கலக்கும் ஓடைகள் பலவற்றிலும் இம்மீனைக் காக்கும் பொருட்டு மீன்பிடிப்பு தடுக்கப்பட்டுள்ளது.

குடும்பங்களுக்கு ஏற்ற இடம் ஏரிகளே. காஸ்ட்ரோ வேலியில் உள்ள சபோட் ஏரி, லிவர்மோருக்கு அருகில் உள்ள டெல் வேயே ஏரி, பிளெசன்டனின் ஷேடோ கிளிஃப்ஸ், ஃபிரீமான்டின் குவாரி லேக்ஸ் ஆகியவை கிழக்கு வளைகுடா வட்டாரப் பூங்கா மாவட்டத்தின் பொறுப்பில் உள்ளன. நீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில் இத்தகைய ஏரிகளில் வளர்ப்பு டிரவுட் மீன்கள் விடப்படுகின்றன. 16 வயது நிரம்பியோர் மாநில உரிமத்துடன் பூங்கா மாவட்டத்தின் அன்றாட மீன்பிடி அனுமதியையும் பெற வேண்டும். மாநில ஏரிகளில் டிரவுட்டின் பொதுவான நாள்வரம்பு ஐந்து மீன்கள்.

படகுப் பயணமே வேண்டும் என்போருக்கு பெரியெசா ஏரியும் டாஹோ ஏரியும் உள்ளன. கடலுக்குச் செல்லாமல் ஏரியிலேயே வாழும் கொக்கனி என்னும் சிறு சால்மன் இவ்விரு ஏரிகளிலும் உண்டு. டிரவுட் மீனும் உண்டு. சால்மனையும் டிரவுட்டையும் ஒரே பயணத்தில் தேடும் குடும்பத்திற்கு, கடல் மூடியிருக்கும் ஆண்டில் இதுவே நேரான வழி.

தமிழருக்கு டிரவுட் முற்றிலும் புதிய மீன் அன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைக்கப்பட்டு, அங்குள்ள குளிர்நீர் ஓடைகளில் ரெயின்போ டிரவுட் விடப்பட்டது. இலங்கையின் மலைநாட்டு ஓடைகளிலும் அது விடப்பட்டது. அம்மீனின் தாயகம் கலிபோர்னியா உள்ளிட்ட வடபசிபிக் கரைகளே ஆகும். மாறாக, சென்னை மீன் சந்தையில் இந்தியன் சால்மன் என விற்கப்படும் காலா மீன் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்

பிடித்த மீனை உடனே குருதி வடித்து, குடல் நீக்கி, பனிக்கட்டியில் வைக்க வேண்டும். கடற்சால்மனில் மனிதருக்கு நோய் தரும் உருளைப்புழுக்கள் இருக்கக்கூடும். நடுப்பகுதி 63 பாகை செல்சியசை எட்டும் வரை வேகவைத்தால் அவை அழியும். நன்கு கொதித்த குழம்பிலும் முழுமையாக வெந்த வறுவலிலும் இவ்வச்சம் இல்லை. பச்சையாக உண்ண விரும்புவோர், கழிவு 20 பாகை செல்சியசில் ஏழு நாட்கள் உறையவைத்த பின்னரே உண்ணலாம். வீட்டுக் குளிர்பெட்டிகள் பல அவ்வளவு குளிர்ச்சியை எட்டுவதில்லை.

சால்மனில் பாதரசம் குறைவு. வளைகுடாவிற்குள் பிடிபடும் எல்லா மீனுக்கும் இது பொருந்தாது. வளைகுடாவின் கோடிட்ட பாஸ், சுறா, வெள்ளை ஸ்டர்ஜன் ஆகியவற்றைக் குழந்தைகளும் கருவுறும் வயதிலுள்ள பெண்களும் உண்ணலாகாது என்பது மாநில அரசின் அறிவுரை. ஏரிகளுக்கும் தனித்தனி அறிவுரைகள் உள்ளன; கரையில் வைக்கப்பட்டுள்ள அறிவிப்புப் பலகையைப் படித்தறிய வேண்டும்.

மிகுந்த மீனை அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் பகிர்ந்தளிக்கலாம். ஆனால் பகிர்ந்தளித்துவிட்டதால் அன்றைய வரம்பு மீண்டும் தொடங்காது. பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பதும், பண்டமாற்றாகக் கொடுப்பதும் சட்டத்திற்குப் புறம்பானவை. அலைபேசிக் குழுக்களில் விலை குறிப்பிட்டு விற்பதும் இதில் அடங்கும்.

தூண்டில் இல்லாமலும் காணலாம்

பருவம் திறக்காத ஆண்டிலும் குழந்தைகளுக்குச் சால்மனைக் காட்ட இயலும். சாக்ரமெண்டோவிற்கு அருகில் அமெரிக்கன் ஆற்றங்கரையில் உள்ள நிம்பஸ் பொரிப்பகத்திலும், ஓரோவில் நகரின் ஃபெதர் ஆற்றுப் பொரிப்பகத்திலும், இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து திரும்பிய பெரிய சினூக் மீன்கள் படிப்படியாக அமைந்த நீர்வழியில் துள்ளி ஏறுவதைப் பொதுமக்கள் காணலாம். அணைகளால் மறிக்கப்பட்ட இனத்தை நிலைநிறுத்தவே இப்பொரிப்பகங்கள் கட்டப்பட்டன. மீன்களின் வரவு நீரின் வெப்பத்தைப் பொறுத்து முன்பின்னாக அமையும் என்பதால், செல்லும் முன் கேட்டறிவது நலம்.

விதிகள் இக்கையேடு அச்சான பின்னரும், பருவத்தின் நடுவிலும் மாறக்கூடும். பணம் கட்டும் முன் ஒருமுறையும், பயணத்திற்கு முந்தைய நாள் மறுமுறையும் மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் அறிவிப்பைச் சரிபார்க்க வேண்டும். விதி தெரியாது என்பது அபராதத்திலிருந்து விடுவிக்காது. ஆங்கில அறிவிப்பைப் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு உள்ள மூத்தோருக்கு வீட்டிலுள்ள இளையோர் அன்றைய வரம்பையும் நீள அளவையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால், படகில் அது உரிமத்திற்கு அடுத்த நிலையில் பயன்படும்.